முதல் பக்கத்தில் ஒரு பெயர்

"கொஞ்சம்கூடக் கூசாம தன் பேரைப் போட்டுக்கிட்டாரேக்கா இந்த மனுஷன்!"

பேப்பரை மேஜை மேல் விரித்துக் காட்டினாள் அவள். முதல் பக்கத்தில் பெரிதாக வந்திருந்தது செய்தி. அவள் பிறந்த நாட்டு அமைச்சரின் மருமகன் நடத்தும் சுரங்கம், மூன்று கிராமத்துக் குடிதண்ணீரைக் கெடுத்த விவகாரம். ஏழு மாதம் போனும் கையுமாகக் கிடந்து, வாய் திறக்கப் பயந்தவர்களை எல்லாம் பேசவைத்து அவள் எழுதியது. ஒரு வரிகூட மாறவில்லை. எழுதியவர் பெயர் மட்டும் மாறியிருந்தது. அங்கே செய்தி ஆசிரியரின் பெயர் இருந்தது.

ஆபீசில் அவருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டித்தான் அனுப்புவார். அவரும் அவள் நாட்டில் பிறந்தவர்தான். பத்திரிகை வேலைக்காகக் கடல் தாண்டி வந்தவர். நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அவளும் இங்கே வந்து சேர்ந்தாள்.

"நான் பக்கம் போட்டப்ப உன் பேர்தாம்மா இருந்துச்சு. அச்சுக்குப் போற நேரத்துல அவரே வந்து உட்கார்ந்து மாத்திட்டார்" என்றாள், பக்கம் வடிவமைக்கும் அக்கா.

"நமது நிருபர்னு போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

"அது எப்படி முடியும்? ஒருத்தர் மேல குத்தம் சொல்ற செய்தின்னா யார் பேராவது இருந்தே ஆகணும்னு நம்ம பத்திரிகையில விதி இருக்கே. ரெண்டு வாரம் தள்ளிப் போடலாம்னு அவர் சொன்னப்பகூட நீதானே ஒத்தைக்கால்ல நின்னே?"

"அந்தக் குழந்தைங்க தினமும் அதே தண்ணியைத்தானே குடிக்குதுங்க? எப்படிக்கா தள்ளிப்போடறது?"

நாலு வருஷம். மழை, விபத்து, கடையடைப்பு என்று பெயரில்லாத துண்டுச் செய்திகளாகவே எழுதித் தள்ளியிருந்தாள். ஞாயிறு தவறாமல் அம்மா போனில் கேட்பாள், "உன் பேர் போட்டு ஏதாவது வந்துச்சாடி?" அடுத்த வாரம் அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். அதற்கு முன்னால் தன் பெயர் வந்த பேப்பரை அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாள்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குள் போனாள்.

"சார், இது நான் எழுதினது."

"ஆமா. பிரமாதமா எழுதியிருக்கே. என்னால ஒரு வார்த்தைகூட வெட்ட முடியல."

"அப்புறம் உங்க பேர் எதுக்கு?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "வியாழக்கிழமைதானே கிளம்பறே? பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

"பேச்சை மாத்தாதீங்க சார். அம்மாவுக்கு என்னைக்கு ஆபரேஷன், நீ என்னைக்குப் போறேன்னு துருவித் துருவிக் கேட்டீங்களே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

"நீ சின்னப் பொண்ணு. உன் பேர் வர்றதுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கும்மா."

"உங்களுக்குக் காலம் இல்லைன்னு என் உழைப்பைப் பிடுங்கிக்கிட்டீங்களா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

"திரும்பி வந்ததும் ராஜினாமா கொடுத்துடறேன். உங்ககிட்ட வேலை பார்க்க என்னால ஆகாது."

"முதல்ல போய் அம்மாவைப் பாரு" என்றார் கத்திரி.

விமானத்தில் வழியெல்லாம் அவளுக்கு வயிறெரிந்தது. அந்தப் பேப்பரைக் கையோடு எடுத்துவரக்கூட மனம் வரவில்லை.

சொந்த ஊர் விமான நிலையத்தில், அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி அவளைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். மேஜை மேல் அதே பேப்பர். சுரங்கச் செய்தியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"இந்தப் பத்திரிகையிலதான் வேலை பார்க்கறீங்களா?"

"ஆமா சார்."

"இந்தச் செய்தி நீங்க எழுதினதா?"

நாலு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அவள் ஏங்கிய கேள்வி. இப்போது அவள் கண் வாசல் பக்கம் போனது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், அவளை அழைத்துப்போக வந்திருந்த தம்பி கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அதிகாரி தானே குனிந்து பார்த்தார். "ஓ, எழுதினவர் பேர்தான் போட்டிருக்கே." கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டிப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. "நீங்க போகலாம். இதை எழுதின ஆள் விமானத்தை விட்டு இறங்கினதுமே பிடிச்சு உள்ளே வைக்கணும்னு மேலிடத்து உத்தரவு. அதான் கேட்டேன்."

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டவள் திரும்பி நின்றாள். "அவர்... எங்க ஆசிரியர்... அவரை என்ன செய்வீங்க?"

"அவர் இப்ப அந்த நாட்டுக் குடிமகனாச்சே, நாங்க என்ன செய்ய முடியும்? விசா கொடுக்க மாட்டோம், அவ்வளவுதான். அடுத்த மாசம் இங்க நடக்கற தன் பொண்ணு கல்யாணத்துக்கு வர்றதா இருந்தார். பதினோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் விசா கிடைச்சிருந்தது. இன்னைக்குக் காலையில ரத்து பண்ணியாச்சு."

அதிகாரி பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார்.

"இவ்வளவு விவரமா எழுதத் தெரிஞ்ச மனுஷனுக்கு, பேரைப் போடறதுக்கு முன்னால பெத்த பொண்ணை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கத் தோணல பாருங்க!"