சிவப்பு நட்டு

நட்டு மரையில் ஏறியது.

ஆனால் உட்காரவில்லை.

அவள் விரல்களுக்கு அது தெரிந்தது. கழற்றினாள். இன்னொன்றை எடுத்துக் கையாலேயே திருகினாள். அதுவும் அப்படித்தான்.

காரின் புது அலாய் வீலின் துளை புனல் மாதிரி சரிந்து உள்ளே போகிறது. நட்டின் அடியும் அதே சரிவில் இருக்க வேண்டும். அத்தான் கொண்டுவந்த நட்டுகளுக்கு அடி உருண்டை. பாதி எலுமிச்சம்பழம் போல. துளைக்குள் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும்.

ஓட ஓடக் கழலும்.

பதினாறு நட்டுகள். எல்லாம் சிவப்பு. படம் பார்த்து வரவழைத்தவை.

அத்தான் கடை வாசலில் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பா நின்றுகொண்டிருந்தார். உள்ளே பெஞ்சில் அக்கா, மடியில் மூன்று மாதக் குழந்தையோடு. வீல் மாட்டியதும் இங்கிருந்தே கொடைக்கானல். மலைப்பாதை.

அவள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"அத்தான், இது உக்காராது."

"எது?"

"நட்டு. இந்த வீலுக்கு அடி சரிவா இருக்கணும். நம்ம கடையிலயே இருக்கு. கருப்பு."

அத்தான் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாமா, பரீச்சைக்குப் பயந்து பத்தாங்கிளாஸோட வீட்ல கெடந்த புள்ள எனக்கு வீல் மாட்டச் சொல்லித் தருது? கொழுந்தியாளுக்கு இப்பந்தான் வாய் முளைச்சிருக்கு போல."

அப்பாவும் சிரித்தார்.

அதுதான் அவளைச் சுட்டது.

போன மாதம் நாங்குநேரிக்காரர் ஒருவர் இதே மாதிரி உருண்டை நட்டோடு வந்து நின்றார். அப்பா வீலை அவர் பக்கமே உருட்டி விட்டார். "வேற கடை பாரும் ஓய். ஒம்ம பொண்டாட்டி புள்ளைக பாவம் எனக்கு வேண்டாம்." அவர் கத்தினார். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அப்பா அசையவில்லை.

இன்றைக்கு அதே அப்பா சிவப்பு நட்டுகளைத் துணியால் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்.

மாப்பிள்ளை கொண்டுவந்த நட்டு.

அவள் பெஞ்சுக்குப் போனாள். குழந்தையின் பையைத் திறந்து மை டப்பாவை எடுத்தாள். அக்கா ஏனென்று கேட்கவில்லை.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றார் அப்பா.

அவள் சிவப்பு நட்டின் அடியில் மையைப் பூசினாள். இறுக்கினாள். கழற்றினாள். துளைக்குள் தலைமுடி கிடப்பதுபோல ஒரே ஒரு கருப்புக் கோடு.

பக்கத்துத் துளையில் கடையின் நட்டு. அதற்கும் மை. இறுக்கிக் கழற்றியதும் சரிவு முழுக்கக் கருப்பாகியிருந்தது.

"பாருங்க."

அத்தான் எழுந்து வந்தார். குனிந்தார். முதல் துளையைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மறுபடியும் முதல் துளையைப் பார்த்தார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அவள் அவர் முகத்தில் பார்த்தாள்.

அவர் நிமிர்ந்தார்.

"கருப்பு எடுப்பா இருக்காது மாமா. செவப்பே கெடக்கட்டும்."

அப்பா மைக்கறையை விரலால் துடைத்தார். நிதானமாக, இரண்டு துளைகளிலும்.

"மாப்ள சொன்னாச் சரிதான்."

அவளைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நடு ரோட்டில் முன்பின் தெரியாத ஆளின் பிள்ளைக்காகச் சண்டை போட்ட வாய் அது. சொந்தப் பேரனுக்கு அதில் ஒரு சொல் இல்லை.

பதினாறும் ஏறின. ஜாக்கி இறங்கியது. வண்டி தரையில் உட்கார்ந்தது. அத்தான் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "ஏறு" என்றார். அக்கா ஏறினாள். பின் சீட்டில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அப்பா நீள ஸ்பேனரோடு கடைசி இறுக்கு இறுக்கத் தொடங்கினார். பின் வீல்கள் இரண்டும் முடிந்தன. முன் வீல் ஒன்று. அடுத்தது.

அவள் போய்ப் பின் கதவைத் திறந்தாள்.

அக்காவின் தோளிலிருந்து குழந்தையைத் தூக்கினாள்.

"நீ போறதுன்னாப் போக்கா. இவன் வரமாட்டான்."

குரல் ரோட்டுக்கு எதிர்ப்புறம் வரைக்கும் கேட்டது. எதிர் டீக்கடையில் இரண்டு பேர் திரும்பினார்கள். தனக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஏ, என்ன கூத்து இது? புள்ளையக் குடு" என்றார் அத்தான்.

அவள் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அக்கா கை நீட்டவில்லை. குழந்தை இருந்த இடம் சேலையில் ஈரமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காலைத் தரையில் வைத்தாள்.

"பியூலா. உள்ள ஏறு" என்றார் அத்தான் அக்காவிடம்.

அக்கா மற்றக் காலையும் வைத்தாள்.

குழந்தை ஒருமுறை சிணுங்கிவிட்டு அடங்கியது.

முன் வீல் பக்கம் அப்பா குனிந்தபடியே இருந்தார். அவர் முகம் தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்து மறுபடி மாட்டும் ஓசை கேட்டது. பிறகு, டக்.

இறுக்கும்போது அந்தச் சத்தம் வராது. இறுகிய நட்டு கழலும்போதுதான் வரும்.