கையுறையைக் கழற்றியவள்

கோயம்புத்தூரில் சொந்தமாக மசாஜ் கடை வைக்க மாநகராட்சி உரிமம் வேண்டுமென்றால், முதல் மாதம் முழுக்கக் கண்காணிப்புக் கையுறை போட்டுத்தான் வாடிக்கையாளரின் உடம்பைத் தொட வேண்டும். அவர் அழுதால் போதும், வலியென்று எடுத்துக்கொண்டு கையுறை விறைத்து விரல்களைப் பூட்டிவிடும்.

நாகரத்தினத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. அன்று எஸ்தர் வந்தாள். மார்பகத்தை எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தோளில் கை வைத்ததுமே தேம்பத் தொடங்கினாள். கையுறை இறுகிக்கொண்டது.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க. ஆபரேஷனுக்கப்புறம் என்னை யாருமே தொடல. நிறுத்திராதீங்க."

நாகரத்தினம் பல்லால் கவ்விக் கையுறைகளை உருவி எறிந்தாள். எஸ்தர் அழுது ஓயும்வரை வெறுங்கையால் தோளைப் பிடித்துவிட்டாள்.

கையுறை கழன்றது பதிவாகி, மறுநாள் உரிம அலுவலர் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதரில்லை.

"தானா கழண்டுருச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. உரிமத்துல கையெழுத்துப் போட்டுடறேன்."

பதினொரு வருடம் அடுத்தவர் கடைகளில் வேலை செய்தவள். சொந்தக் கடைக்குச் சாவிகூட வாங்கியாயிற்று. பேனாவை எடுத்து எழுதினாள்: 'நானேதான் கழற்றினேன். இனி யார் அழுதாலும் கழற்றுவேன்.'

படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "இதை வாங்கினா உங்களுக்கு உரிமம் கிடைக்காதுங்க."

"வாங்கிக்குங்க சார். அடுத்த மாசம் மறுபடியும் விண்ணப்பம் போடறேன். அப்பவும் இதையேதான் எழுதுவேன்."