குனிந்து கொடுத்த பரிசு

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மேனேஜரை அன்று வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தேன். என் பதவி உயர்வு அவர் கையில்.

"ஏங்க, அவர் பரிசு ஏதாவது குடுத்தா, போனப்புறம் பிரிங்க. அதுதான் மரியாதை" என்றாள் மனைவி.

"அது நம்ம வழக்கம். அவங்க ஊர்ல கண்ணெதிர்லயே பிரிச்சு, ஆகா ஓகோன்னு புகழணும். நான் படிச்சிருக்கேன், நீ சும்மா இரு."

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்ததும் மேனேஜர் ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்து, தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே குனிந்தார்.

"பாத்தியா, எவ்வளவு பணிவா குடுக்கறார்!" என்று மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டு, அவர் நிமிர்வதற்குள் பிரித்தேன். அருமையான கோட்டு! அங்கேயே மாட்டிக்கொண்டேன். தோள் தொளதொளத்தது.

"எனக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு சார்!"

மேனேஜர் என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நெகிழ்ந்துவிட்டார் போலும்.

மறுநாள் அதே கோட்டில் ஆபீசுக்குப் போனேன். அவருடைய டிரைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், உங்க வீட்டுக்கு வர்ற வழியிலதான் டெய்லர்கிட்ட தனக்குத் தைக்கக் குடுத்த அந்தக் கோட்டை வாங்கினாரு. ஷூவோட உள்ள போகக்கூடாதுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். லேஸ் அவிழ்க்கக் குனியறப்ப, கொஞ்சம் பிடிங்கன்னு உங்க கையில குடுத்தாராம்."

அவசரமாகக் கோட்டைக் கழற்றினேன். "கோபமா இருக்காரா?"

"சேச்சே! கையில குடுத்ததை எடுத்துக்கறதுதான் நம்ம வழக்கம்னு நினைச்சுட்டாரு. ஆனா அடுத்த வாரம் அவர் சம்சாரம் கைக்குழந்தையோட இங்க வர்றாங்க. 'யார் கேட்டாலும் குழந்தையைக் கையில குடுத்துடாதே'ன்னு காலையிலேர்ந்து போன்ல கதறிட்டு இருக்காரு!"