திருப்புளி போட்ட சத்தம்

தபால் ஆபீஸ் குமாஸ்தா மாசிலாமணியிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. அதன் குறியைச் சரிசெய்ய ஒரு திருப்புளியும் இருந்தது. மாவட்டப் போட்டி தொடங்க இன்னும் கால் மணி நேரம்தான். அவர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார். குண்டு இடப்பக்கம் விலகினால் குறியின் திருகை ஒரு பக்கம் திருப்புவார். வலப்பக்கம் விலகினால் மறுபக்கம் திருப்புவார். தன் கை நடுங்குவதை மட்டும் கவனிக்கவே இல்லை.

"இன்னொரு குண்டு தப்பட்டும், இந்தச் சனியனை நாளைக்கே விற்றுவிடுகிறேன்" என்றார்.

அதைக் கேட்ட துப்பாக்கி, திருப்புளி மறுபடியும் நெருங்கவே, "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். சுற்றிச் சுற்றி, காலையில் இருந்த சரியான இடத்துக்கு இப்போதுதான் திருகு வந்திருக்கிறது. இனி அதைத் தொடாதீர்கள்" என்று கெஞ்சியது.

"சும்மா இருக்கவா என்னைக் கொண்டுவந்தார்? என் பேர் என்ன ஆவது?"

"பேரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. திருகின்மேல் வழுக்கி, சத்தம் மட்டும் போடுங்கள்."

திருப்புளி முனகிக்கொண்டே வழுக்கி, 'டக்' என்றது.

மாசிலாமணியின் முகம் தெளிந்தது. "ஆங், இப்போது சரி!" என்று நிதானமாக மூச்சுவிட்டார். கை நடுங்கவில்லை. குண்டு நட்டநடுவில் பாய்ந்தது. போட்டியிலும் மூன்றாம் பரிசு கிடைத்தது. அவர் திருப்புளியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெட்டிக்குள் வந்து படுத்த திருப்புளி, "பார்த்தாயா தம்பி? அந்தக் கடைசித் திருப்பை மட்டும் நான் திருப்பாமல் இருந்திருந்தால் உன் கதி என்ன?" என்று கேட்டது.

துப்பாக்கி, அசையாமல் இருந்த தன் திருகை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"ஆமாம் அண்ணே" என்றது.