சிவப்புத் துணி கட்டிய விளக்கு

"தப்பு. விளக்கைக் கீழ வச்சுட்டு மறுபடி சொல்லுங்க."

தையல்காரி மிஷினை நிறுத்தாமலே சொன்னாள். அவள் கணவர் மேசை விளக்கை இடது கையால் இறக்கி வைத்தார். அதன் கழுத்தில் ஒரு சிவப்புத் துணித் துண்டு. கதவிலும் கடிகாரத்திலும் கத்தரிக்கோலிலும் அதே சிவப்பு.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பஸ் டிரைவர், பேண்ட் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"என்ன தங்கச்சி, மிஞ்சின துணியையெல்லாம் வீட்டுக்கே உடுத்தி விட்டீங்களா?"

"ஜெர்மன் பாஷையில இந்தச் சாமானெல்லாம் பெண்பால், பொம்பளைங்க, அண்ணே. அடையாளத்துக்குக் கட்டினேன்."

"கத்தரிக்கோலுமா? நியாயம்தான். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு."

கணவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மொழிப் பள்ளியில் நேர்காணல். தேறினால் வேலை. இல்லையென்றால் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

"டீ ஆல்ட்ட லாம்ப," என்றார்.

"பழைய விளக்கு. சரி. இப்ப, பழைய விளக்கோட?"

"மிட் டெர்... ஆல்ட்ட..."

"வால் எங்க?"

"என்னது வால்?" என்றார் டிரைவர்.

"நாம விளக்கை, விளக்குக்குன்னு பொருளுக்கு வால் ஒட்டுவோம். ஜெர்மன்காரங்க விளக்கைத் தொட மாட்டாங்க. முன்னால நிக்கிற 'பழைய' இருக்கே, அதுக்குத்தான் வால்."

கணவர் கண்ணை மூடினார். உதடு கோணியது. நெற்றியில் வியர்வை.

"மிட் டெர் ஆல்ட்டன் லாம்ப."

மிஷின் நின்றது. "இப்ப சரி."

டிரைவருக்குக் கைதட்டலாம் போலிருந்தது. "இந்த வயசுல புதுசா ஒரு பாஷை. சார், அசாத்திய ஆள் நீங்க. வாத்தியாரம்மாவும் லேசுப்பட்டவங்க இல்ல. எங்க படிச்சீங்க தங்கச்சி?"

"போன வருஷம் வரைக்கும் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. திங்கட்கிழமை இவர் நேர்காணலுக்குப் போற பள்ளியில படிச்சவங்க ஆள் மாத்தி ஆள் வந்து சொல்லிக் குடுத்தாங்க. 'தப்பு, மறுபடி சொல்லுங்க'ன்னு ஒரே அதட்டல்."

"யாருகிட்ட கத்துக்கிட்டாங்களோ அந்த அதட்டல."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பேண்ட்டை மடித்து நீட்டினாள்.

"இவர்கிட்டதான். பக்கவாதம் வந்து ஜெர்மன் மொத்தமும் அழிஞ்சு போற வரைக்கும், அங்க அத்தனை பேருக்கும் வாத்தியார் இவர்தான், அண்ணே."