சபைக்கு வந்த புது ஆள்

"எழும்பிச் சொல்லும் தம்பி. இஞ்ச வெக்கப்பட ஒண்டுமில்லை," என்றார் அந்தோனிமுத்துச் சம்மாட்டி.

அமிர்தநாயகம் எழுந்து நின்றான். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பேசாலைக் கோயிலை அடுத்த பள்ளிக்கூடக் கொட்டிலில், ஞாயிறு பூசை முடிந்த கையோடு மதுவிலக்குச் சபை கூடியிருந்தது. பாயில் இருந்தவர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிற ஆண்கள். எல்லாரும் ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்தவர்கள். சபையை நடத்தும் சம்மாட்டியே தன் மீன்பிடி வள்ளம் ஒன்றைக் குடித்து அழித்தவர்தான்.

அமிர்தநாயகத்தின் கண்கள் சிவந்து கிடந்தன. சரியாகத் தூங்கிப் பல நாளான முகம். அந்த முகத்தைக் கண்டதுமே, ஒன்றும் கேட்காமல் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அவனுடைய ஊரான தாழ்வுபாட்டில் இப்படியொரு சபை இல்லை. அரசாங்கம் வருஷா வருஷம் ஏலம் விடுகிற கள்ளுத் தவறணைதான் இருந்தது. கருவாடு வாங்க வரும் கலந்தர் காக்காதான் ஒருநாள் பேச்சுவாக்கில் பேசாலைச் சபையைப் பற்றிச் சொன்னார். அமிர்தநாயகம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நேர்த்திக்கடன் என்று அயலுக்குச் சொல்லிவிட்டு, மனைவி அன்ரோனெற்றோடு மணலில் நடந்தே வந்து சேர்ந்தான்.

அவளைக் கோயிலுக்குள் இருத்திவிட்டுத்தான் கொட்டிலுக்குள் நுழைந்தான்.

"சரி, இரும். முதல் மற்றவை சொல்லுறதைக் கேளும்," என்றார் சம்மாட்டி.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

யோசேப் என்கிற கிழவர், விட்ட புதிதில் கை நடுங்கி வலைக்கண்ணில் நூல் கோக்க முடியாமல் அழுததைச் சொன்னார். நடுக்கம் வந்தால் வள்ளத்தை இறக்கிவிடு, கடலில் தவறணை இல்லை என்றார் ஒருவர். தவறணை ஒழுங்கையால் போகாதே, கரையால் சுற்றிப் போ என்றார் இன்னொருவர். ஆசை எழும்பும்போது பழஞ்சோற்றுத் தண்ணீரை உப்புப் போட்டுக் குடித்தால் கொஞ்சம் அடங்கும் என்றார் மூன்றாமவர்.

அமிர்தநாயகம் எல்லாவற்றையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்.

"தவறணைக்குப் போறேல்லை. ஒளிச்சு, வீட்டுக்கே வருகுது. அதுக்கு என்ன செய்யிறது?"

சிலர் சிரித்தார்கள். ஏளனமாக அல்ல. தெரிந்த நோயைக் கண்ட சிரிப்பு.

"மனிசியும் வந்தவவோ?" என்று கேட்டார் சம்மாட்டி.

"ஓம். கோயிலுக்குள்ள இருக்கிறா."

"பிறகென்ன யோசிக்கிறீர்? இஞ்ச இருக்கிற எல்லாரையும் காப்பாத்தினது பெண்சாதிமார்தான். பொறுப்பை அவவிட்டக் குடும்."

சொல்லிவிடலாம் என்று அமிர்தநாயகம் வாயெடுத்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு அன்போடு. வாயை மூடிக்கொண்டான்.

சம்மாட்டி சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை அவன் கையில் கொடுத்தார். அவன் முழந்தாளில் நின்று, அவர் சொல்லச் சொல்லச் சொன்னான். இனித் தொடமாட்டேன். ஆண்டவர் சாட்சி. கடைசிச் சொல்லில் அவன் உடைந்து அழுதான். யோசேப் கிழவர் அவனைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அவன் திரும்பி வந்தபோது கோயிலுக்குள் வேறு ஆளில்லை. மாதா சுரூபத்தின் கீழே அன்ரோனெற் சுவரோடு சாய்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி இறுக்கி வைத்திருந்தாள். அப்படியும் முந்தானை நடுங்கியது.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு, வயிற்றுப் புண் ஆற மருந்தென்று மருத்துவிச்சி அவளுக்குக் கொடுத்த சாராயம். பிள்ளை தங்கவில்லை. சாராயம் தங்கிவிட்டது.

அமிர்தநாயகம் ஆயுளில் ஒரு சொட்டுக் கள்ளும் நாவில் வைத்தவனல்ல.

பக்கத்தில் இருந்தான். கேட்டவற்றில் அவளுக்கு எதைச் சொல்வது என்று யோசித்தான். கடலுக்குப் போ என்று சொல்ல முடியாது. பெண்சாதியிடம் பொறுப்பைக் கொடு என்றும் சொல்ல முடியாது.

"பழஞ்சோத்துத் தண்ணிக்கு உப்புப் போட்டுக் குடிச்சால் அடங்குமாம்," என்றான்.

அவள் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"அங்க பொம்பிளையளும் இருந்தவையோ?"

அவள் கண்களை அவனால் பார்க்க முடியவில்லை.

"ஓம். கனபேர்."

"என்னை மாதிரியோ?"

"ஓம். உன்னை மாதிரித்தான்."

அன்ரோனெற் முந்தானையை அவிழ்த்துக் கைகளை வெளியே எடுத்தாள். பிள்ளை போன நாளிலிருந்து அவள் முகத்தில் அவன் காணாத ஒரு வெளிச்சம். சுவரைப் பிடித்து, அவன் உதவியில்லாமல் தானாகவே எழும்பினாள்.

"அப்ப வாற ஞாயிறு நானும் உங்களோட உள்ளுக்கு வாறன்," என்றாள்.