பஞ்சாலையில் ஒரு காட்சி

இங்கிலாந்தின் லங்காஷயரில், அந்தக் கால வேலையை நடித்துக் காட்டும் அருங்காட்சியகமாகப் புதுப்பித்து வைத்திருந்த பழைய பஞ்சாலைக் கிராமத்துக்குக் காரில் வந்த மொரீனும் கணவன் கிளிஃபும் தறிக்கூடத்தில் அசந்து நின்றார்கள்.

அந்தக் காலத்துப் பாவாடையும் தலைத்துணியுமாகத் தறிக்காரி வேஷத்தில் இருந்த ஜோசி, மேஸ்திரி கோலத்தில் இருந்தவரிடம் கெஞ்சினாள். "கால் கடுக்குதுங்க. கொஞ்சம் உக்காந்துக்கறேனே?"

"உக்காரணும்னா வீட்டுல போய் உக்காரு! நாளைக்கு வராதே!"

ஜோசிக்குக் கண்ணீர் முட்டியது.

"அந்தக் காலத்துல எல்லாம் ராட்சசனுங்க, கிளிஃப்!" மொரீன் உருகிப்போய்க் கைதட்டினாள். அந்த ஆள் நகர்ந்ததும் ஜோசியின் தோளைத் தட்டினாள். "என்னமா நடிக்கறேம்மா!"

"நாடகம் மத்தியானமே முடிஞ்சுபோச்சு, மேடம். அவர் இங்க மேனேஜர். நான் நிஜமாத்தான் கேட்டேன்."

"அய்யய்யோ!" மொரீன் பதறிப்போய்க் கணவனிடம் திரும்பினாள். "கிளிஃப், நிஜமாம்! வீடியோ எடுத்தியா?"